ஒரு எர்த் வயருக்கு 21,000 ரூபாய்: த்ராட்டில் கோளாறில் நான் பட்ட பாடு

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவை அழைத்துக்கொண்டு மதுரையிலிருந்து திருச்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். கொட்டாம்பட்டி தாண்டிச் சில கிலோமீட்டர் போயிருப்போம். எண்பதில் போய்க்கொண்டிருந்த வண்டியில் திடீரென்று இழுவையே இல்லை. ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தும் பயனில்லை. என்ஜின் அணையவில்லை, ஸ்டியரிங் பாரமாகவில்லை, ஆனால் வேகம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. நான் ஒரு டேங்கர் லாரியை முந்துவதற்காக வலது பக்கம் ஏறியிருந்தேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அம்மா "முருகா, முருகா" என்று கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இண்டிகேட்டரைப் போட்டு, டேங்கரை முன்னால் போகவிட்டு, எப்படியோ இடது ஓரத்துக்கு வந்து நிறுத்தினேன். கை நடுக்கம் அடங்கப் பத்து நிமிடம் ஆனது. டேஷ்போர்டில் செக் என்ஜின் விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது.

சாவியை அணைத்து மறுபடி போட்டதும் வண்டி ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. அதை நம்பி மறுபடி கிளம்பினேன், இப்போது நினைத்தாலும் அது தப்பு. துவரங்குறிச்சி வருவதற்குள் இரண்டு முறை அதேபோல் ஆனது. அங்கேயே நிறுத்திவிட்டு, அம்மாவைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். ரிகவரி வண்டி வைத்துக் காரை மதுரைக்குக் கொண்டு வந்தேன். அதற்கு 3,500 ரூபாய். இந்தக் கதையில் போன முதல் பணம் அது.

என் வண்டி 2014 மாடல் பெட்ரோல் கார். இரண்டு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நான் மெக்கானிக் இல்லை, ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கேபிள் போய் என்ஜினில் ஏதோ ஒன்றைத் திறக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பழைய வண்டிகளில் அப்படித்தான். இப்போதைய வண்டிகளில் பெடலுக்கும் என்ஜினுக்கும் நடுவில் கேபிளே கிடையாது. பெடலில் இருக்கும் சென்சார், கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை வோல்டேஜாக ஈசியூவுக்கு, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஈசியூ ஒரு சின்ன மோட்டாரைச் சுழற்றி, காற்று போகும் குழாயில் இருக்கும் வட்டத் தகட்டைத் திறக்கிறது. தகடு எவ்வளவு திறந்தது என்பதை இன்னொரு சென்சார் ஈசியூவுக்குத் திருப்பிச் சொல்கிறது. இந்த மோட்டார், தகடு, சென்சார் எல்லாம் சேர்ந்ததுதான் த்ராட்டில் பாடி. இதில் தப்பு நடந்தால் வண்டி தானாகச் சீறிப் பாய்ந்துவிடும் என்பதால், பெடலிலும் இரண்டு சென்சார், த்ராட்டிலிலும் இரண்டு சென்சார் வைத்திருக்கிறார்கள். இரண்டும் சொல்லும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் ஈசியூ மோட்டாருக்குக் கரண்டை நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகட்டைக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருக்கும், வண்டி ஊர்ந்து ஓரத்துக்கு வர மட்டும் அது போதும். எனக்கு ரோட்டில் நடந்தது இதுதான். வண்டி என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தது என்று அன்று தெரிந்திருந்தால் கொஞ்சமாவது பதறாமல் இருந்திருப்பேன்.

முதல் வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டார்கள். பி2135 என்று ஒரு கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வந்தது. "த்ராட்டில் பாடில கரி பிடிச்சிருக்குண்ணே, கிளீன் பண்ணிட்டா சரியாயிடும்" என்றார்கள். 1,500 ரூபாய். நான்கு நாள் நன்றாக ஓடியது, ஐந்தாம் நாள் தெப்பக்குளம் பக்கத்தில் நின்றது. இரண்டாவது வொர்க்‌ஷாப்பிலும் அதே கோடு. "சென்சார் போச்சு, அது தனியா கிடைக்காது, பாடியே மாத்தணும்." பாடி 13,800, கூலி 1,200. வேறு வழி தெரியாமல் சரி என்றேன். ஒன்பது நாள் கழித்து, புது பாடியோடு, அதே கோளாறு, அதே கோடு. அன்று சாயங்காலம் காளவாசல் சிக்னலில் பின்னால் வண்டிகள் கத்த, ஹசார்ட் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்றாவது இடத்தில் ஸ்கேன் செய்ய 1,000 வாங்கிக்கொண்டு, "ஈசியூதான் போயிருக்கும், 42,000 ஆகும்" என்றார்கள். "இருக்கும்" என்ற அந்தச் சொல்தான் என்னை நிறுத்தியது. மூன்று இடத்திலும் ஒருவர்கூட மீட்டரைக் கையில் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

கோடு என்பது தீர்ப்பு இல்லை, புகார் மட்டும்தான். பி2135 என்றால் இரண்டு சென்சார்களின் வோல்டேஜும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. சென்சார், வயர், கப்ளர் (வயர்களை மாட்டும் பிளக்), சென்சாருக்கு ஈசியூ கொடுக்கும் ஐந்து வோல்ட் சப்ளை, எர்த் (பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), ஈசியூ என்று எதில் கோளாறு இருந்தாலும் அந்தப் புகார் வரும். பெடல் பக்கம் இதே தகராறு என்றால் பி2138 வரும். உங்கள் வண்டியில் என்ன கோடு வந்தது என்று கேட்டு, அழிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாகம் எதையாவது மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். நான் கேட்கவில்லை. கழற்றிய என் பழைய பாடியில் ஒரு குறையும் இல்லை என்று பின்னால் தெரிந்தபோது அது எங்கே போனதென்றே யாருக்கும் தெரியவில்லை.

950 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கினேன். முதல் இரண்டு இரவு வண்டியைத் தொடவே இல்லை. டார்ச் பேட்டரி, வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி என்று அளந்து கை பழக்கிக்கொண்டேன். டிசி வோல்ட், ஓம் (மின்தடை) இந்த இரண்டு இடத்தையும் சரியாகத் திருப்பத் தெரிந்தால் போதும். வோல்டேஜ் அளக்கும்போது சாவி ஆனில் இருக்கும். ஓம் அளக்கும்போது சாவி ஆஃப், பேட்டரி நெகட்டிவ் கழற்றியிருக்க வேண்டும். கரண்ட் ஓடும் வயரில் ஓம் வைத்தால் மீட்டர் காட்டும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அப்புறம், கப்ளரைக் கழற்றாமல் பின்பக்கமாக, வயர் நுழையும் ரப்பர் சீல் ஓரமாக மெல்லிய ஊசியை விட்டு அளக்க வேண்டும். வயரின் மேல்தோலைக் குத்தாதீர்கள், அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் போய் ஆறு மாதத்தில் புதுக் கோளாறு வரும். இரண்டு ஊசி ஒன்றோடொன்று உரசவே கூடாது. மோட்டாருக்குப் போகும் பன்னிரண்டு வோல்ட் சென்சார் வயரில் ஏறினால் ஈசியூ நிஜமாகவே போய்விடும். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பையும் இந்த வயர்கள் பக்கம் கொண்டு போகாதீர்கள், அது இழுக்கும் கரண்டை ஐந்து வோல்ட் சப்ளை தாங்காது.

முதலில் பேட்டரி. என்ஜின் ஓடாதபோது 12.6, ஓடும்போது 14.1. சரிதான். பேட்டரி தளர்ந்திருந்தாலும், டெர்மினல் லூசாக இருந்தாலும் த்ராட்டில் கோடு வரும், அதனால் இதைத் தாண்டிப் போகக் கூடாது. அடுத்து பெடல். கீழே குனிந்து படுத்துப் பார்த்தால் ஆறு வயர் வருகிறது. ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு ஐந்து வோல்ட், ஒரு எர்த், ஒரு சிக்னல். என் வண்டியில் கால் வைக்காதபோது ஒரு சிக்னல் 0.76, இன்னொன்று 0.38. அடிவரை மிதித்தால் 3.90, 1.95. ஒன்று எப்போதும் மற்றதில் பாதி. பல வண்டிகளில் இப்படித்தான் இருக்கும், ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. உங்கள் வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கையால் பெடலை மெதுவாக, மிக மெதுவாக அழுத்திக்கொண்டே எண்ணைப் பார்த்தேன். எங்கேயும் குதிக்காமல், விழாமல் ஏறியது. பெடலில் குறை இல்லை.

த்ராட்டில் பாடியிலும் ஆறு வயர். கொஞ்சம் தடியான இரண்டும் மோட்டாருக்கு. மீதி நான்கில் ஒன்று ஐந்து வோல்ட், ஒன்று எர்த், இரண்டு சிக்னல். மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, என்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, பெடலை மெதுவாக மிதிக்கச் சொன்னேன். கால் எடுத்தபோது முதல் சிக்னல் 0.82, இரண்டாவது 4.18. மிதித்தால் முதலாவது ஏறுகிறது, இரண்டாவது இறங்குகிறது. முழுக்க மிதித்தபோது 3.88, 1.12. கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு இது உடனே தெரிந்துவிட்டது: எந்த இடத்தில் நிறுத்திக் கூட்டினாலும் ஐந்து. இரண்டு சென்சாரும் எதிரெதிர்த் திசையில் போகும்படி செய்திருக்கிறார்கள். கூட்டுத் தொகை ஐந்தை விட்டு விலகினால் எங்கேயோ பொய் இருக்கிறது. இப்படி எதிரெதிராகப் போகும் வண்டிகளுக்கு இதைவிட எளிதான சோதனை எனக்குத் தெரியாது. இதைச் செய்யும்போது தகட்டின் பக்கம் விரலைக் கொண்டு போகாதீர்கள், சாவி ஆனில் இருந்தால் அந்த மோட்டார் விரலை நசுக்கிவிடும்.

எல்லாம் சரியாக இருந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, நெஞ்சு கனத்தது. அப்படியானால் ஈசியூதானா, 42,000தானா? அன்று ராத்திரி தூக்கமே இல்லை. விடியற்காலையில்தான் ஒன்று தோன்றியது. வண்டி என்றைக்குமே வீட்டு வாசலில் நின்றதில்லை. கிளம்பி இருபது நிமிடமாவது ஓடிய பிறகுதான் நிற்கும். நான் அளந்ததோ குளிர்ந்த என்ஜினில். மூன்று வொர்க்‌ஷாப்பும்கூட ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில்தான் பார்த்திருக்கிறார்கள். காய்ச்சல் இல்லாத நேரத்தில் வெப்பமானி வைத்தால் என்ன தெரியும்? கோளாறு இருக்கும் நேரத்தில்தான் அளக்க வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. ஊசிகளை முதலிலேயே பொருத்தி, வயர்களை டேப் போட்டு அசையாமல் ஒட்டி, ரேடியேட்டர் ஃபேனில் சிக்காதபடி கட்டிவிட்டு, நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டேன். மீட்டரின் கறுப்பு ப்ரோப்பைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தேன். இது முக்கியம், ஏன் என்று சொல்கிறேன். என்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்து, சாவியை மட்டும் ஆன் செய்து அளந்தேன். 0.83, 4.18. பிறகு வயரிங் கட்டை ஒரு முனையிலிருந்து பிடித்து, ஒரு சாண் ஒரு சாணாக அசைத்துக்கொண்டே வந்தேன். பேட்டரி தட்டுக்குப் பின்னால் கை போனபோது எண் மாறியது. 1.22. மற்றொன்று 4.28. கூட்டினால் 5.50. அந்த எண்ணைப் பார்த்த நிமிடத்தை மறக்க மாட்டேன், ஐந்து வாரமாக மார்பில் இருந்த கல் ஒன்று இறங்கியதுபோல இருந்தது.

இரண்டு சிக்னலும் ஒரே நேரத்தில் மேலே ஏறியிருக்கின்றன. ஒரு சென்சார் கெட்டிருந்தால் ஒன்றுதான் மாறும். இரண்டும் சேர்ந்து ஏறினால், அவை இரண்டும் நிற்கும் தரையே ஏறியிருக்கிறது என்று பொருள், அதாவது எர்த். ஐந்து வோல்ட் வயரை அளந்தேன், 5.00, அசையவில்லை. எர்த் வயரை அளந்தேன். பேட்டரி நெகட்டிவோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் 0.50. கூட்டுத் தொகையில் அதிகமாக வந்ததும் அதே அரை வோல்ட். கறுப்பு ப்ரோப்பைப் பேட்டரியில் வைக்காமல் அந்தக் கெட்ட எர்த்திலேயே வைத்திருந்தால், மீட்டரும் அதே ஏறிய தரையில் நின்றுகொண்டு எர்த் சரியாக இருக்கிறது, ஐந்து வோல்ட் சப்ளைதான் குறைகிறது என்று காட்டியிருக்கும். நான் தப்பான பக்கம் போயிருப்பேன்.

பேட்டரியைக் கழற்றி, தட்டை வெளியே எடுத்தேன். வயரிங் கட்டைச் சுற்றி வண்டியோடு வந்ததைவிட மட்டமான கறுப்பு இன்சுலேஷன் டேப், வெயிலில் இளகிப் பிசுபிசுவென்று இருந்தது. பிரித்தால் உள்ளே நான்கு வயர்களில் எலி கடித்த தடம். எனக்கு முன் வைத்திருந்தவர் காலத்தில் யாரோ அறுந்த முனைகளைக் கையால் முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். சோல்டர் இல்லை. எர்த் வயரின் முறுக்கில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. கப்ளர்களைக் கழற்றி அந்த வயரை மட்டும் ஓமில் அளந்தால், சும்மா இருக்கும்போது 0.3, விரலால் தொட்டால் நூறைத் தாண்டி ஓடியது. இந்த சென்சார்கள் இழுப்பது சில மில்லிஆம்பியர்தான். ஆனால் நூறு ஓமில் ஐந்து மில்லிஆம்பியர் ஓடினாலே அரை வோல்ட் ஆகிவிடுகிறது. ஹெட்லைட் வயரில் இப்படி ஒரு மூட்டு இருந்தால் விளக்கே எரியாது, உடனே கண்டுபிடித்துவிடலாம். சென்சார் வயரில் அது ஒளிந்துகொண்டே இருக்கும்.

களிம்பு ஏறிய பகுதியை இரண்டு பக்கமும் வெட்டி, அதே தடிமனில் புது வயர் துண்டு வைத்து, சோல்டர் செய்து, சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டேன். மற்ற மூன்றையும் அப்படியே. சோல்டரிங் மட்டும் தெருமுனையில் டிவி ரிப்பேர் செய்யும் அண்ணன் வந்து செய்துகொடுத்தார், காசு வாங்கவில்லை. சாமான்களுக்கு 120 ரூபாய். அதன் பிறகு சூடான என்ஜினில் எப்படி அசைத்தாலும் 5.00, 5.01. இத்தோடு ஏழு மாதம் ஆகிறது, கோடு திரும்பி வரவில்லை. ரிகவரி, கிளீனிங், பாடி, கூலி, ஸ்கேன் எல்லாம் சேர்த்து நான் விட்டது 21,000 ரூபாய். அந்த ஐந்து வாரம் கடைக்குப் பஸ்ஸில் போனது தனி.

என் வண்டியில் எர்த் என்பதால் உங்களுக்கும் எர்த் என்று நினைத்துவிடாதீர்கள். ஐந்து வோல்ட் சப்ளையே மூன்று, இரண்டு என்று விழுந்து கிடந்தால், அதே சப்ளையைப் பங்குபோடும் வேறு சென்சார் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கலாம். சாவியை அணைத்துவிட்டு ஒவ்வொரு சென்சார் கப்ளராகக் கழற்றி, சாவியை ஆன் செய்து மறுபடி அளந்துகொண்டே வந்தால், எதைக் கழற்றும்போது ஐந்து திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. சிக்னல் ஒன்று மட்டும் ஒரே இடத்தில் குதித்தால் சென்சார் தேய்ந்திருக்கும், அப்போது பாடியை மாற்றுவது நியாயம்தான். மோட்டாரின் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் அளந்தால் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில் சில ஓம்தான் வரும், ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே அறுந்திருக்கிறது. மோட்டார் ஓடும்போது அதன் வோல்டேஜை அளந்து முடிவுக்கு வராதீர்கள். ஈசியூ கரண்டை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்புகிறது, சாதாரண மீட்டர் அதன் சராசரியைத்தான் காட்டும். பிரேக் லைட் ஸ்விட்சையும் ஒரு பார்வை பாருங்கள். பிரேக் மிதிபட்டிருக்கிறது என்று ஈசியூ நினைத்துக்கொண்டால் பல வண்டிகளில் ஆக்சிலரேட்டருக்கு மதிப்புக் கொடுக்காது. டிஜிட்டல் மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும், கண நேரச் சறுக்கல் அதில் தெரியாமல் போகலாம். மினிமம், மேக்ஸிமம் பதியும் பட்டன் உள்ள மீட்டராக வாங்குங்கள், என்னுடையதில் இல்லாமல் நிறையக் கஷ்டப்பட்டேன்.

இரண்டாவது வொர்க்‌ஷாப்புக்குப் போய் அறுத்தெடுத்த வயர்த் துண்டைக் காட்டினேன். பாடிக்குப் பணம் திரும்பாது என்றார்கள். ஆனால் அங்கே வேலை பார்க்கும் பையன் ஒருவன் வெளியே வந்து, "அந்த அஞ்சு வோல்ட் கணக்க ஒரு தடவ சொல்லுங்கண்ணே" என்று கேட்டான். கீழே கிடந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, படம் போட்டு, இரண்டு எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். என் வண்டியின் டேஷ்போர்டு பெட்டியிலும் அந்த ஆறு வயரின் நிறமும் சரியான வோல்டேஜும் எழுதிய தாள் ஒன்று இருக்கிறது. எலி இன்னும் தெருவில்தான் இருக்கிறது. வாரம் ஒரு நாள் பானட்டைத் திறந்து, பேட்டரி தட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.